டர்போவைக் குற்றம் சாட்டுமுன்

(முன்னாள் மாணவர் சந்திப்பின்போது இயந்திரவியல் துறை அரங்கில் ஆற்றிய உரை. பேசிய நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"வெளிநாட்டில் இருந்து வந்திருக்கிறாய், ஏதாவது பேசு" என்று செயலாளர் சொன்னார். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றிச் சுவையாகப் பேச நம் சங்கத்திலேயே பல பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இன்ஜின் ஒன்றுதான். கனடா நாட்டில் மனிடோபா மாகாணத்தில் வின்னிபெக் என்ற ஊரில் இருக்கிறேன். கார் இன்ஜின் ஏன் மக்கர் பண்ணுகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதிலும் குளிர்காலத்தில் டர்போ வண்டிகள் செய்யும் சேட்டை தனி ரகம். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் குளிர். நாம் மார்கழி மாதத்தில் மப்ளர் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்கள். எங்கள் ஊரில் ஜனவரி மாதத்தில் மைனஸ் 30 டிகிரி என்றால் யாரும் பேச்சுக்குக்கூட எடுக்க மாட்டார்கள். சில நாள் மைனஸ் 40 பக்கமும் போகும். மைனஸ் 40-ல் ஒரு வசதி, செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒன்றாகிவிடும். எந்தக் கணக்கில் சொல்கிறாய் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை!

இந்தக் கட்டடத்தின் பின்பக்கம் இருக்கும் ஆய்வகத்தில் ரெட்வுட் விஸ்காமீட்டர் என்று ஒன்று இருக்கிறதே, இன்னும் அந்தப் பரிசோதனை உண்டுதானே? 50 சி.சி. ஆயில் ஒழுகி முடிய எத்தனை செகண்ட் என்று ஸ்டாப் வாட்ச் வைத்து எண்ணுவோம். 35 டிகிரி, 45 டிகிரி, 55 டிகிரி என்று சூடாக்கிக்கொண்டே போய் வரைபடம் போடுவோம். கோடு இடமிருந்து வலமாக அழகாக இறங்கும். பதிவேட்டில் கையெழுத்து வாங்கியதும் வேலை முடிந்தது. அந்த வரைபடத்தின் இடது ஓரத்தில் கோடு நின்றுவிடுகிறது, பாருங்கள். நான் இப்போது பிழைப்பு நடத்துவது அந்த ஓரத்துக்கு அப்பால்தான். அங்கே கோடு சுவர் மாதிரி செங்குத்தாக ஏறுகிறது.

எண்ணில் சொன்னால் புரியும். ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருப்பார்கள். அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. எஸ்.ஏ.இ. தர அட்டவணைப்படி 5டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரியில் 60,000 சென்டிபாய்ஸைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஆயில் பம்ப்பால் இழுக்க முடியாது. சாதாரணத் தண்ணீர் 1 சென்டிபாய்ஸ். நம் வீட்டுத் தேன் சில ஆயிரம் இருக்கும். ஆக, அனுமதிக்கப்பட்ட உச்சத்திலேயே அது தேனைவிடப் பல மடங்கு கெட்டி. 0டபிள்யூ ஆயிலுக்கு இதே வரம்பு மைனஸ் 40-ல். 15டபிள்யூ ஆயிலுக்கோ மைனஸ் 25-லேயே வந்துவிடும். நம் ஊரில் பல வண்டிகளுக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயிலை அங்கே ஊற்றி ராத்திரி வெளியே நிறுத்தினால், காலையில் டிப்ஸ்டிக்கை வெளியே இழுப்பதற்கே கொஞ்சம் தம் வேண்டும்.

டர்போ எப்படி வேலை செய்கிறது என்று இந்த அரங்கில் பாடம் நடத்தத் தேவையில்லை. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. நான் சொல்ல வருவது நடுவில் இருக்கும் தண்டைப் பற்றி. கார் டர்போவில் அது நிமிடத்துக்கு 1.5 லட்சம், 2 லட்சம் சுற்று வரை போகும். பெரும்பாலான டர்போக்களில் அந்தத் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் சுற்றுகிறது. ஆயில் மேலே ஒரு சின்னக் குழாய் வழியாக அழுத்தத்தோடு வருகிறது. வேலை முடிந்த ஆயில் கீழே ஒரு பெரிய குழாய் வழியாகத் தன் எடையாலேயே வடிந்து இன்ஜினின் அடிப்பகுதிக்குப் போகிறது. நம் வீட்டுக் குளியலறை வடிகால் மாதிரி. அதைத் தள்ளிவிட ஒரு பம்ப்பும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இன்னொன்று. டர்போ தண்டின் இரு முனையிலும் சீல் உண்டு. ரப்பர் சீல் அந்த வேகத்துக்கும் சூட்டுக்கும் தாங்காது. அதனால் பிஸ்டன் ரிங் போல மெல்லிய உலோக வளையம்தான் போட்டிருப்பார்கள். கீழே ஆயில் ஒழுங்காக வடியும் வரைக்கும் அது போதும். வடிகால் அடைத்துக்கொண்டால் அந்த வளையத்தைத் தாண்டி ஆயில் இரண்டு பக்கமும் ஒழுக ஆரம்பிக்கும். ஒரு பக்கம் புகைக்குழாயில் போய் நீலப் புகை. மறுபக்கம் காற்றுக் குழாயில் போய் இன்டர்கூலர் முழுக்க ஆயில். பார்க்கிறவர் யாராக இருந்தாலும் "டர்போ போச்சு" என்றுதான் சொல்வார்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். குளிரில் வரும் டர்போ தொல்லையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு சின்னக் கணக்கு. பெட்ரோலை ஆக்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 114 கிராம் ஆக்டேன் முழுதாக எரிந்தால் 162 கிராம் தண்ணீர் வரும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்! அநேகமாக எல்லாம் ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாக நழுவிக் கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அந்த வாயுவை அப்படியே அடைத்துவைத்தால் அழுத்தம் ஏறிச் சீலெல்லாம் பிதுங்கிவிடும். அதனால் அதை ஒரு குழாய் வைத்து மறுபடியும் காற்று உள்ளே போகும் பாதையில் விட்டு எரித்துவிடுகிறார்கள். நாம் பாடத்தில் படித்த பி.சி.வி. அமைப்பு இதுதான்.

சாதாரண இன்ஜினில் இதற்கு முக்கியமான பாதை ஒன்று. டர்போ இன்ஜினில் இரண்டு பாதை வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்டேக் மேனிபோல்டில் வெற்றிடம் இருக்கும், அது வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். டர்போ அழுத்தம் கொடுக்க ஆரம்பித்தால் மேனிபோல்டில் வெற்றிடம் ஏது? அப்போது அந்தப் பாதையை ஒரு வழி வால்வ் மூடிக்கொள்ளும். வாயு இரண்டாவது குழாய் வழியாக, டர்போவுக்கு முன்னால் இருக்கும் காற்றுக் குழாயில் போய்ச் சேரும். (இதைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். மலரில் படத்துக்கு இடமில்லை என்று ஆசிரியர் குழு சொல்லிவிட்டது.)

இந்த இரண்டாவது குழாய் போய்ச் சேரும் முனையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சூடான, ஈரமான வாயு வருகிறது. எதிரே வடிகட்டியிலிருந்து மைனஸ் 33 டிகிரிக் காற்று பாய்ந்து வருகிறது. இரண்டும் சந்திக்கும் அந்த முனையில் ஈரம் பனியாகப் படியும். கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, நாலைந்து நாளில் குழாய்க்குள் ஐஸ் கட்டி உட்கார்ந்துவிடும். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் இன்ஜின் அறையே சூடாகி அது கரைந்துவிடலாம். தினம் 4 கிலோமீட்டர் ஓடி நிற்கிற வண்டியில் கரைய வழியே இல்லை.

அடைத்தால் என்ன ஆகும்? டர்போ முழு வேகத்தில் இருக்கும்போது கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறும். இப்போது நான் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன வடிகாலுக்கு வாருங்கள். கீழே அழுத்தம் இருந்தால் மேலேயிருந்து ஆயில் எப்படி வடியும்? வடியாது. டர்போ நடுவில் தேங்கி, இரண்டு பக்கமும் ஒழுகும். நீலப் புகை வரும். டர்போ பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

இது நடந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஊரில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். 2022 ஜனவரியில் ஒரு ராத்திரி போன் பண்ணினார்.

"தம்பி, டர்போ பழுதாப் போச்சுதெண்டு சொல்லினம். மாத்தாட்டி இன்ஜினும் போயிடுமாம். மூவாயிரத்து எண்ணூறு டொலர் கேக்கினம்."

மகளின் படிப்புக் கட்டணத்துக்கு எடுத்துவைத்திருந்த பணம் அது. மறுநாள் காலை பதில் சொல்ல வேண்டும் என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள்.

நான் கேட்டேன். "புகை எப்ப வந்துச்சு அண்ணை? ஊருக்குள்ளயா, வெளியிலயா?"

"வேலைக்குப் போகேக்கை ஒண்டும் இல்லை. ஹைவேயிலை ஏத்தி ஒரு பத்து நிமிசத்திலைதான் பின்னாலை ஒரே புகை."

"போனட்டைத் திறந்து பார்த்தீங்களா? வேற ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

"ஓம், அந்த ஒயில் பாக்கிற கம்பி மேலை எழும்பி நிண்டது. நான்தான் சரியா அமத்தேல்லைப் போல."

அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. டிப்ஸ்டிக் தானாக எழும்பாது. கீழேயிருந்து ஏதோ தள்ளியிருக்கிறது. பட்டறையில் வண்டியை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். இழுவை வண்டியில் கொண்டுபோய், ராத்திரி முழுக்க உள்ளே நிறுத்திவைத்து, காலையில் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே பட்டறை உள்ளே எல்லாம் ஹீட்டர் போட்டு 20 டிகிரி வைத்திருப்பார்கள். ஐஸ் கட்டி எப்போதோ தண்ணீராகி ஓடியிருக்கும். மிச்சம் இருந்த தடயம் இன்டர்கூலர் குழாயில் ஆயில் மட்டும்தான். அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள், பார்த்த நேரம்தான் சரியில்லை. டாக்டர் வீட்டு வாசல்படி ஏறியதும் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளைகள் உண்டே, அந்தக் கதைதான்.

டர்போவை மாற்றியிருந்தால்? புது டர்போ போட்ட அன்று எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் ஐஸ் கரைந்துவிட்டது. பில்லும் கொடுத்தாகிவிடும். ஒரு வாரம் கழித்துப் புது டர்போவும் புகைவிடும். "கம்பெனி பீஸ் சரியில்லை" என்று அடுத்த சண்டை ஆரம்பமாகும். இப்படி மாற்றிப் போட்டு இரண்டாவது தடவையும் புகைவிட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணையிடம் வண்டியை அப்படியே வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். மூன்று நாள் வழக்கம்போல வேலைக்கு ஓட்டுங்கள், ஹைவே பக்கம் போகாதீர்கள், மெதுவாக மிதியுங்கள், ஆயில் அளவைத் தினமும் பாருங்கள் என்றேன். வண்டியைச் சும்மா வெளியே நிறுத்திவைத்தால் இந்த ஐஸ் வராது. ஈரம் கொடுக்க இன்ஜின் ஓட வேண்டும். வியாதி வந்த அதே சூழ்நிலையில் வண்டி வாழ்ந்தால்தான் வியாதி திரும்ப வரும். மூன்றாம் நாள் வேலை முடிந்து நேராக என் குடியிருப்புக்கு வந்தார். வெளியே மைனஸ் 31. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வாகன நிறுத்தத்திலேயே போனட்டைத் திறந்தேன்.

முதலில் கையுறைப் பரிசோதனை. மெக்கானிக்குகள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் மெல்லிய ரப்பர் கையுறையை மாட்டுவது. கை உப்பினால் உள்ளே அழுத்தம், உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது. (கையுறையைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குளிரில் அது அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும்.) கையுறை நன்றாக உள்ளே போனது. அதாவது எல்லாம் சரி!

இங்கேதான் பலரும் நிறுத்திவிடுவார்கள். ஐட்லிங்கில் வேலை செய்வது முதல் பாதை. அது இன்ஜினோடு ஒட்டிச் சூட்டில் இருக்கிறது, அடைக்கவில்லை. புகை வந்ததோ ஹைவேயில், அதாவது இரண்டாவது பாதை வேலை செய்ய வேண்டிய நேரத்தில். நின்ற இடத்தில் இன்ஜினை உறுமவிட்டாலும் டர்போ அழுத்தம் பெரிதாக வராது. ஆகவே இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டாவது குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன். காற்று போகவில்லை. டார்ச் அடித்தால், முனையில் கட்டைவிரல் அளவுக்கு ஐஸ் கட்டி, பழுப்பு நிறத்தில், ஆயிலும் தண்ணீருமாக.

அண்ணை அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "உந்தச் சின்னக் கட்டிக்கோ மூவாயிரத்து எண்ணூறு?" என்றார்.

ஐஸ் கட்டியை எடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. வண்டி செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாதா? தெரியும். அந்த முனையில் சின்னதாக ஒரு மின் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். அது ஏன் வேலை செய்யவில்லை? ஓம் மீட்டரில் சூடேற்றி நன்றாக இருந்தது. கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பாசி பிடித்ததுபோல அரிப்பு. அங்கே சாலையில் பனி உருக உப்பு கொட்டுவார்கள், அந்த உப்புத் தண்ணீர் செய்த வேலை. கனெக்டரை மாற்றினோம். ஆயிலும் பில்டரும் புதிது. இன்டர்கூலர் குழாயைக் கழற்றித் தேங்கியிருந்த ஆயிலை வடித்தோம், இல்லாவிட்டால் அதுவே பல நாள் புகைந்து பயமுறுத்தும். எல்லாம் சேர்த்து 200 டாலருக்குள் முடிந்தது.

டர்போவையும் சும்மா விடவில்லை. கையால் தண்டை ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இருக்கும், அது ஆயில் படலத்துக்கு விட்ட இடைவெளி. அதைப் பார்த்துப் பயப்படக்கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்குத் தெரியக்கூடாது. சக்கரத்தின் இறக்கைகள் சுவரில் உரசிய தடம் இருக்கக்கூடாது. இவை இருந்தால், அல்லது ஆயிலில் உலோகப் பொடி மினுமினுத்தால், அப்போது டர்போவைத் தாராளமாகக் குற்றம் சாட்டலாம். அண்ணையின் டர்போவில் எதுவும் இல்லை. இன்றைக்கும் அதேதான் ஓடுகிறது.

இதே கதை வேறு இடங்களிலும் நடக்கும். வேஸ்ட்கேட்டை இயக்கும் அழுத்தக் குழாயில் ஒரு சொட்டு ஈரம் உறைந்தால் அழுத்தம் எல்லை மீறும். கம்ப்யூட்டர் பி0234 என்று எழுதிவைத்துவிட்டு இன்ஜினை நொண்டவிடும். இன்டர்கூலருக்குள் ஐஸ் அடைத்தால் காற்று போதாது. இறுகிப்போன ரப்பர் குழாய் கிளிப் இடுக்கில் காற்றை விட்டாலும் போதாதுதான், பி0299. பட்டறைச் சூட்டில் ரப்பர் இளகி அந்த ஒழுக்கு அடைந்துபோகும், புகை விட்டுச் சோதித்தாலும் சிக்காது.

அதனால் நான் வண்டியை உள்ளே ஏற்றுவதற்கு முன் மூன்று வேலை செய்வேன். கோடு எண்ணோடு சேர்த்து, அந்தக் கோளாறு விழுந்த கணத்தில் இருந்த அளவுகளைக் கம்ப்யூட்டர் பதிந்துவைத்திருக்கும், அதைப் படிப்பேன். அப்போது கூலன்ட் சூடு எவ்வளவு, உள்ளே போன காற்றின் சூடு எவ்வளவு என்று தெரிந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். அடுத்தது, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு சென்சார்களைப் பார்ப்பது. கூலன்ட், உள்காற்று, வெளிக்காற்று மூன்றும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் தனியாகப் பேசினால் அது பொய் சொல்கிறது. (பிளாக் ஹீட்டர் மாட்டியிருந்தால் கூலன்ட் மட்டும் அதிகம் காட்டும், அது பொய் அல்ல.) டர்போ அழுத்த சென்சாரும் அப்போது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும், வின்னிபெக்கில் 100 கிலோபாஸ்கல் பக்கம். வேறு எண் காட்டினால் அதன் துவாரத்தில் பனி இருக்கலாம். இதற்கு ஒரு நயா பைசா செலவில்லை. வண்டியை உள்ளே தள்ளி ஒரு மணி நேரம் ஆனால் இந்தச் சோதனை எதுவும் செய்ய முடியாது. மூன்றாவது வேலை, வண்டிக்காரரிடம் பேசுவது. அண்ணையின் டிப்ஸ்டிக் எந்தக் கம்ப்யூட்டரிலும் பதிவாகியிருக்காது.

பிளாக் ஹீட்டர் என்றேனே, அது என்ன என்று இங்கே பலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. எங்கள் ஊர்க் கார்களின் முன்னால் ஒரு மின் பிளக் தொங்கும். பெட்ரோல் காரை ஏன் பிளக்கில் மாட்டுகிறார்கள் என்று போன புதிதில் எனக்கே வியப்பு. இன்ஜினின் கூலன்டைச் சூடாக்க ஒரு ஹீட்டர், பெரும்பாலும் 400 வாட் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். அலுவலக வாகன நிறுத்தங்களில்கூட ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பிளக் பாயிண்ட் வைத்திருப்பார்கள். இதைக் கொண்டுவந்தவர் எல்லைக்கு அந்தப் பக்கம், வட டகோட்டாவின் கிராண்ட் போர்க்ஸ் ஊரில் இருந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், 1949-ல் காப்புரிமை வாங்கினார். புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் போட்டால் போதும், ராத்திரி முழுக்க மின்சாரத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

இதைவிட்டுவிட்டு, பலர் வீட்டுக்குள் இருந்தபடியே ரிமோட்டில் இன்ஜினைக் கிளப்பிக் கால் மணி நேரம் ஐட்லிங்கில் விடுகிறார்கள். வண்டிக்குள் உட்கார இதமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். இன்ஜினுக்கு நல்லதில்லை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்றைய டர்போ இன்ஜினில், குளிர்ந்த சுவரில் பட்ட பெட்ரோல் முழுதாக எரியாமல் ஆயிலோடு இறங்கிக் கலக்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறினால்தான் அது மறுபடி ஆவியாகி வெளியேறும். ஆயில் அளவு குறைந்தால்தான் கவலை என்று நினைக்கிறோம். இங்கே அளவு ஏறும், டிப்ஸ்டிக்கை மோந்தால் பெட்ரோல் வாடை வரும். நீர்த்துப்போன ஆயிலின் மேல்தான் 2 லட்சம் சுற்றுத் தண்டு மிதக்க வேண்டும். ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ இன்ஜினில் குளிர்ப் பிரதேசங்களில் இந்தப் புகார் பெரிதாகி, 2018-ல் சீனாவில் புதிய சி.ஆர்-வி வண்டிகளின் விற்பனையையே சில காலம் நிறுத்திவைக்க நேர்ந்தது. பின்பு இன்ஜின் சீக்கிரம் சூடேறும்படி மென்பொருளை மாற்றினார்கள்.

என்னைக் கேட்டால், கிளப்பி ஒன்றிரண்டு நிமிடம் ஆயில் எல்லா இடத்துக்கும் போக விட்டுவிட்டு, மெதுவாக ஓட்ட ஆரம்பிக்க வேண்டும். டர்போ அழுத்தம் கொடுக்கும் அளவுக்கு முதல் பத்துப் பதினைந்து நிமிடம் மிதிக்கக்கூடாது. டேஷ்போர்டில் கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று ஏமாறக்கூடாது, ஆயில் அதற்கு ரொம்பப் பின்னால்தான் வரும். வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஹைவேயில் ஓட்டினால் ஆயிலில் இருக்கும் பெட்ரோலும் தண்ணீரும் கிளம்பிவிடும். அதற்கு முன் அந்தக் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

பாட்டரியைப் பற்றி ஒரு வரி. சார்ஜ் இறங்கிப்போன பாட்டரிக்குள் இருப்பது கிட்டத்தட்டத் தண்ணீர், மைனஸ் 10 பக்கத்திலேயே உறைந்துவிடும். உப்பிய பாட்டரிக்கு ஜம்பர் கேபிள் மாட்டாதீர்கள், வெடிக்கும்.

நம் நாட்டிலும் இந்தக் குளிர் உண்டு. லடாக்கில் டீசல் வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், குளிரில் டீசலில் இருக்கும் மெழுகு பிரிந்து பில்டரை அடைத்துவிடும். அதற்காக மைனஸ் 33 டிகிரி வரை இளகியிருக்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் அங்கே அறிமுகப்படுத்தியது. டீசல் கார் என்றாலே இன்று டர்போதான். படித்து முடித்து வாகனக் கம்பெனிகளில் சேரப்போகிற தம்பி தங்கைகளில் யாராவது குளிர்ச் சோதனைக்காக அந்தப் பக்கம் அனுப்பப்படலாம். கையுறையைச் சட்டைப் பைக்குள் வைக்க மறக்காதீர்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கடைசியாக ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவி எழுதியிருக்கிறார், சொந்த ஊர் ஊட்டி. "எங்கள் அப்பா காரில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஹெட் காஸ்கெட் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா?"

இருக்கலாம் அம்மா, ஆனால் உடனே பிரிக்க வேண்டாம். அப்பா தினமும் கடைக்கும் வீட்டுக்குமாகக் கொஞ்ச தூரம்தான் ஓட்டுகிறார் என்றால், நான் சொன்ன அதே தண்ணீர்தான் குளிர்ந்த மூடியில் படிந்து ஆயிலோடு கலந்து வெண்ணெயாகியிருக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அதில் ஆயில் ஆயில் நிறத்திலேயே இருக்க வேண்டும். மூடியைத் துடைத்துவிடச் சொல்லுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவில் அளவுக் கோட்டுக்கு நேராக ஒரு குறி போட்டுவையுங்கள். ஒருநாள் குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறி வாருங்கள். அடுத்த இரண்டு வாரம் கூலன்ட் குறி இறங்காமல், டிப்ஸ்டிக்கில் பால் நிறம் வராமல் இருந்தால் காஸ்கெட் நன்றாகத்தான் இருக்கிறது. குறி இறங்கிக்கொண்டே போனால் மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம்.